நன்கொடைக்குப் பின் வந்த ஆணை: பணம் அரசின் முடிவுக்குள் எந்த வழியாக நுழைகிறது?

கேள்வி கேட்டவர் முன்வைத்திருப்பது இதுதான்: ஒரு பெருநிறுவனம் ஆளுங்கட்சிக்கு நன்கொடை கொடுக்கிறது, சில மாதங்களில் அந்த நிறுவனத்துக்குச் சாதகமான ஓர் ஆணை வெளியாகிறது, இந்த இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்து, பணம்தான் அந்த முடிவை எடுத்தது என்று சொல்லிவிடலாமா, அப்படியானால் தேர்தல் எதற்கு என்று அவர் கேட்கிறார். கேள்வி நன்கொடையைப் பற்றியதாகத் தோன்றினாலும், அவர் உண்மையில் அறிய விரும்புவது பணம் கொடுப்பவருக்கு அரசிடமிருந்து கைக்கு வருவது என்ன என்பதையும், அதை வெளியில் இருக்கும் ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் பொது நிர்வாகம் படித்தவன். வரைவு மசோதாக்களையும் விதிமுறைகளையும் உட்பிரிவு உட்பிரிவாகப் படித்துக் கருத்துரை எழுதும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். அமைச்சரவைக் கூட்டங்களுக்குள் உட்கார்ந்தவன் அல்லன். ஆகவே நான் சொல்வதில் பாதி ஆய்வுகளிலிருந்தும் நீதிமன்றப் பதிவுகளிலிருந்தும் வருவது, மீதி கோப்புகளிலிருந்து வருவது.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு தேதிகள் மட்டும் எதையும் நிரூபிக்காது. ஆனால், நிரூபிக்காது என்பதற்காகப் பணத்துக்கு அங்கே வேலை இல்லை என்றும் ஆகிவிடாது. பணம் பெரும்பாலும் முடிவு அறிவிக்கப்படும் நாளில் வேலை செய்வதில்லை. அதற்கு வெகு முன்பு, யார் அழைக்கப்படுகிறார்கள், யார் எழுதிய வரி வரைவுக்குள் போகிறது என்ற கட்டத்திலும், அதற்குப் பின்பு, சட்டம் விதிகளாக விரியும் கட்டத்திலுமே அதன் வேலை அதிகம். மக்களும் ஊடகங்களும் பார்ப்பதோ வாக்கெடுப்பு நாளை.

சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதியிலிருந்து தொடங்குகிறேன். நேரடி லஞ்சம் இருக்கிறது, அது அரசின் முடிவை மாற்றியும் இருக்கிறது. பிரேசிலின் ஓடெபிரெக்ட் என்ற கட்டுமான நிறுவனம் 12 நாடுகளில் ஏறத்தாழ 78.8 கோடி டாலர் லஞ்சம் கொடுத்ததை 2016 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அந்த நிறுவனத்தில் லஞ்சம் கொடுப்பதற்கென்றே தனியாக ஒரு துறை இருந்தது. அதற்குத் தனிக் கணக்கு முறையும், பெறுபவர்களுக்குப் புனைபெயர்களும் இருந்தன. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், லாக்ஹீட் விமான நிறுவனம் வெளிநாட்டு அரசியல்வாதிகளுக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க செனட் விசாரணையில் வெளிப்பட்டு, 1976இல் ஜப்பானின் முன்னாள் பிரதமர் தனாகா கைதானார். 1977இல் அமெரிக்கா வெளிநாட்டு லஞ்சத்தைக் குற்றமாக்கும் சட்டம் இயற்றியது. இந்த வழக்குகளில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இவை எதுவும் தேதிகளை ஒப்பிட்டு நிரூபிக்கப்பட்டவை அல்ல. உள்ளிருந்த கணக்குப் புத்தகமோ ஒப்புக்கொண்ட ஊழியரோ கிடைத்ததால்தான் நிரூபணமாயின. அவை கிடைக்காத இடங்களில் எவ்வளவு நடக்கிறது என்பதை எந்த முறையாலும் திட்டமாக அளக்க இயலாது. ஊழல் பற்றிய தரவரிசைகளெல்லாம் பெரும்பாலும் அது குறித்து வல்லுநர்களும் வணிகர்களும் கொண்டிருக்கும் எண்ணத்தை அளப்பவையே.

சட்டம் எதைக் குற்றம் என்கிறது என்பதும் நாம் நினைப்பதைவிடக் குறுகலானது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில முன்னாள் ஆளுநர் மெக்டானல் ஒரு வணிகரிடமிருந்து 1,75,000 டாலருக்கு மேல் பரிசும் கடனுமாகப் பெற்றார். அந்த வணிகருக்காக அதிகாரிகளுடன் சந்திப்புகளை ஏற்பாடு செய்தார். கீழ் நீதிமன்றம் தண்டித்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தண்டனையை ரத்து செய்தது: ஒருவருக்குச் சந்திப்பு ஏற்பாடு செய்வதோ ஒரு விழா நடத்துவதோ மட்டும் ‘அலுவல்சார் செயல்’ ஆகாது என்று அது கருதியது. இந்தியாவில் நிலைமை இன்னும் விசித்திரமாக இருந்தது. 1993இல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்போது பணம் வாங்கிக்கொண்டு வாக்களித்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட உறுப்பினர்களுக்கு, அவையில் வாக்களித்ததற்காக வழக்குத் தொடர முடியாத பாதுகாப்பு உண்டு என்று 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்கிவிட்டு வாக்களிக்காமல் போனவருக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவர் தப்பித்தார் என்று பொருள். ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 மார்ச் 4 அன்று சீதா சோரன் வழக்கில் அதைத் தவறென்று ஒதுக்கியது. ஆக, ‘சட்டப்படி ஊழல் இல்லை’ என்ற தீர்ப்பைப் ‘பணம் எதையும் மாற்றவில்லை’ என்று படித்துவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள்.

அடுத்து, ஆய்வாளர்கள் நீண்டகாலம் தேடிய இடம்: நன்கொடை வாங்கிய உறுப்பினர் அதற்கேற்ப வாக்களிக்கிறாரா? நன்கொடை விவரமும் ஒவ்வோர் உறுப்பினரின் வாக்கும் பொதுவில் கிடைக்கும் அமெரிக்க நாடாளுமன்றத்தைப் பற்றியே இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் நடந்தன. 2003இல் மூன்று ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஏறத்தாழ நாற்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றில் நான்கில் மூன்று பங்கு முடிவுகளில் நன்கொடைக்கும் வாக்குக்கும் இடையே புள்ளியியல் அடிப்படையில் பொருட்படுத்தத்தக்க தொடர்பு தென்படவில்லை, அல்லது எதிர்த்திசையில் இருந்தது. கட்சி, தொகுதி, கொள்கைச் சாய்வு ஆகியவையே வாக்கைப் பெரிதும் தீர்மானித்தன. கேட்பவருக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். முதன்முறை படித்தபோது நானும் சந்தேகப்பட்டேன். யோசித்தால் காரணம் எளியது. நன்கொடை கொடுப்பவர்கள் தங்கள் எதிரிக்குக் கொடுப்பதில்லை. ஏற்கெனவே தங்களை ஆதரிப்பவர் பதவியில் நீடிக்கட்டும் என்றே கொடுக்கிறார்கள். அவர் சாதகமாக வாக்களித்ததற்குப் பணம் காரணமா, அவர் சாதகமானவர் என்பது பணத்துக்குக் காரணமா என்பதைப் பிரிப்பது கடினம். தொடக்கத்தில் சொன்ன நன்கொடை, ஆணை ஆகிய இரண்டு தேதிகளுக்கும் இதே சிக்கல் உண்டு.

வாக்கைப் பணம் வாங்கவில்லையென்றால் வேறென்ன வாங்குகிறது? இதற்குக் கிடைத்த மிகச் சுத்தமான விடை, 2016இல் வெளியான ஒரு கள ஆய்விலிருந்து வருகிறது. கல்லா, பிரூக்மன் என்ற இருவர் ஓர் அரசியல் அமைப்பின் உதவியுடன் 191 அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகங்களுக்குச் சந்திப்பு கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். எல்லாக் கடிதங்களும் ஒரே மாதிரியானவை. குலுக்கல் முறையில் தேர்ந்த சில அலுவலகங்களுக்கு மட்டும், வருகிறவர்கள் நன்கொடையாளர்கள் என்று குறிப்பிடப்பட்டது, மற்றவற்றுக்குத் தொகுதிவாசிகள் என்று மட்டும் சொல்லப்பட்டது. நன்கொடையாளர் என்ற சொல் இருந்த இடங்களில் உறுப்பினரோ மூத்த அலுவலரோ நேரம் ஒதுக்கியது மூன்று முதல் நான்கு மடங்கு அதிகம். இங்கே கடிதத்தைத் தவிர வேறெதுவும் மாறவில்லை. ஆகவே பணம் அரசியல்வாதியின் நேரத்தை வாங்குகிறது என்பதை நான் உறுதியானவற்றின் பட்டியலில் வைக்கிறேன். அந்த நேரத்தில் பேசப்பட்டது முடிவை எவ்வளவு மாற்றியது என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

கதவு திறந்தாலே கேட்டது கிடைத்துவிடும் என்பதும் இல்லை. பிரிட்டனின் முன்னாள் பிரதமர் கேமரன், 2020இல் கிரீன்சில் என்ற நிதி நிறுவனத்துக்காக நிதியமைச்சர் உட்படப் பலருக்குக் குறுஞ்செய்திகள் அனுப்பினார்; அதிகாரிகள் பலமுறை சந்தித்துப் பேசவும் செய்தார்கள். இதைவிடப் பெரிய செல்வாக்கைக் கற்பனை செய்வது கடினம். இருந்தும் அவர் கேட்ட பெருந்தொற்றுக் காலக் கடன் திட்டத்தில் அந்த நிறுவனத்துக்கு இடம் கிடைக்கவில்லை, கருவூலம் மறுத்துவிட்டது. அவர் எந்த விதியையும் மீறவில்லை என்பது தனி வேடிக்கை: பிரிட்டனின் 2014ஆம் ஆண்டு லாபிச் சட்டம் (லாபி என்பது அரசின் முடிவைத் தங்கள் பக்கம் திருப்ப ஆட்சியில் இருப்பவர்களை அணுகிப் பேசுவது) வெளியாருக்காகக் கட்டணம் பெற்றுப் பேசுபவரை மட்டுமே பதிவு செய்யச் சொல்கிறது, கேமரனைப் போல நிறுவனத்தின் சொந்த ஊழியராக இருந்து பேசுபவரை அல்ல.

கேட்டவர் அதிகம் கவனிக்க வேண்டியது என்று நான் நினைக்கும் இடத்துக்கு இப்போது வருகிறேன்: வரைவு. ஓர் ஒழுங்குமுறை ஆணையம் வரைவு விதியை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும்போது என்ன வருகிறது என்பதைப் பார்த்தவர்கள் குறைவு. பொதுமக்களிடமிருந்து வரும் கடிதம் பெரும்பாலும் ஒரு பக்கம். ‘இந்த விதி அநியாயம், திரும்பப் பெறுக’ என்றோ ‘இன்னும் கடுமையாக்குக’ என்றோ இருக்கும். தொழில்துறைச் சங்கத்திடமிருந்து வருவது ஓர் அட்டவணை. இடப்பக்கப் பத்தியில் வரைவின் வாசகம், அடுத்த பத்தியில் அதற்குப் பதிலாக வைக்க வேண்டிய வாசகம், மூன்றாவதில் காரணம். பின்னிணைப்பாக வேறு நாடுகளின் விதிகளிலிருந்து மேற்கோள்கள், ஒரு செலவுக் கணக்கு, ஒரு மூத்த வழக்கறிஞரின் கருத்து. கோப்பைக் கையில் வைத்திருக்கும் துணைச் செயலருக்கு வரும் வாரத்துக்குள் இறுதி வடிவம் கொடுத்தாக வேண்டும். முதல் கடிதத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய முடியும்? ‘கருத்து பரிசீலிக்கப்பட்டது’ என்று குறித்துவிட்டுப் போவார். இரண்டாவதிலிருந்து ஒரு வரியை அப்படியே எடுத்து வைக்க முடியும். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஒரு பைசாகூட வாங்கியிருக்க மாட்டார். உழைப்பை மிச்சப்படுத்தித் தருபவர் பக்கம் கோப்பு சாய்கிறது, அவ்வளவுதான். அந்த அட்டவணையைத் தயாரிக்க வழக்கறிஞருக்கும் பொருளாதார வல்லுநருக்கும் சம்பளம் கொடுக்க யாரால் முடியும் என்ற இடத்தில்தான் பணம் வந்து நிற்கிறது.

இது சிறிய அலுவலகங்களில் மட்டும் நடப்பதன்று. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் வங்கிகளின் டெரிவேட்டிவ் வணிகத்துக்கு (வட்டி, நாணயம், பங்கு போன்றவற்றின் விலையைச் சார்ந்து மதிப்புப் பெறும் ஒப்பந்தங்களின் வணிகத்துக்கு) அமெரிக்கா விதித்த கட்டுப்பாட்டைத் தளர்த்தும் ஒரு மசோதா 2013இல் பிரதிநிதிகள் அவைக்கு வந்தது. அது மொத்தம் 85 வரிகள். அவற்றில் 70க்கு மேற்பட்டவற்றில் சிட்டிகுரூப் வங்கியின் பரிந்துரைகள் இடம்பெற்றிருந்தன என்றும், முக்கியமான இரண்டு பத்திகள் வங்கிகள் தந்த வாசகத்திலிருந்து ஏறக்குறையச் சொல்லுக்குச் சொல் எடுக்கப்பட்டிருந்தன என்றும், உறுப்பினர்கள் செய்த மாற்றம் இரண்டு சொற்களைப் பன்மையாக்கியதே என்றும் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அந்தத் தளர்வு 2014 டிசம்பரில், அரசு இயங்குவதற்குத் தேவையான பெரிய நிதி ஒதுக்கீட்டு மசோதாவுக்குள் செருகப்பட்டுச் சட்டமானது. அந்த மசோதாவை எதிர்த்து வாக்களிப்பது அரசு அலுவலகங்களை மூட வாக்களிப்பதற்கு ஒப்பாகிவிடும். ஆகவே 2013இல் பிரதிநிதிகள் அவை அதைத் தனியாக வாக்குக்கு விட்டிருந்தாலும், அது சட்டமான கட்டத்தில் அந்தத் தளர்வு பற்றித் தனியாக வாக்கெடுப்பு என்று ஒன்று நடக்கவேயில்லை. நன்கொடைக்கும் வாக்குக்கும் தொடர்பு தேடும் ஆய்வில் இப்படிப்பட்ட ஒன்று சிக்காது.

வரைவில் கவனிக்க வேண்டியவை பெரும்பாலும் தலைப்புப் பிரிவில் இருக்காது. வரையறைப் பிரிவில் ஒரு சொல்லுக்குத் தரப்படும் பொருள், யாருக்கு விலக்கு என்ற அட்டவணை, விதி பொருந்தத் தொடங்கும் அளவு, நடைமுறைக்கு வரும் தேதி, ‘விதிக்கப்படும் முறையில்’ என்று பின்னால் ஆகட்டும் எனத் தள்ளிவைக்கப்பட்ட இடங்கள் ஆகியவற்றில்தான் கோடிகள் கைமாறுகின்றன. ஒரு தொழிலை ஒழுங்குபடுத்தும் கடுமையான சட்டம் ஒன்று ஆரவாரத்துடன் நிறைவேறி, அதன் வரையறையில் அந்தத் தொழிலின் பெரும்பகுதி வெளியே நிற்பதை நான் படித்திருக்கிறேன். அதைப் பற்றி எந்தத் தலையங்கமும் வராது, ஏனெனில் வரையறைப் பிரிவை யாரும் படிப்பதில்லை.

ஒரே ஒரு வாக்கியம் எவ்வளவு பெறும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த எடுத்துக்காட்டு, அமெரிக்க முதியோர் மருத்துவக் காப்பீட்டில் மருந்துச் செலவைச் சேர்த்த 2003ஆம் ஆண்டுச் சட்டம். மருந்து நிறுவனங்களுக்கும் தனியார் காப்பீட்டாளர்களுக்கும் இடையிலான விலைப் பேச்சில் அரசு தலையிடக் கூடாது என்ற ஒரு பிரிவு அதில் இருந்தது. கோடிக்கணக்கான பயனாளிகள் கொண்ட திட்டம் ஒன்று தன் சார்பில் விலை பேசும் உரிமையைத் தானே விட்டுக்கொடுத்தது. பிரதிநிதிகள் அவையில் அதிகாலை மூன்று மணியளவில் தொடங்கிய வாக்கெடுப்பு, வழக்கமாகச் சில நிமிடங்களில் முடிய வேண்டியது, பெரும்பான்மை சேரும்வரை ஏறத்தாழ மூன்று மணி நேரம் திறந்தே வைக்கப்பட்டது. மசோதாவை வழிநடத்திய குழு ஒன்றின் தலைவர் பில்லி டாசின், 2005 ஜனவரியில் மருந்து உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவரானார். இவ்வளவையும் வைத்துக்கொண்டும், அந்தப் பிரிவு வேலைக்குக் கூலியாக வந்தது என்று நான் எழுத மாட்டேன். தனியார் காப்பீட்டாளர்களின் போட்டியே விலையைக் குறைக்கும் என்று உண்மையாக நம்பியவர்கள் இருந்தார்கள். திட்டத்தின் முதல் பத்தாண்டுச் செலவு முன்கணிப்பைவிடக் குறைவாகவே இருந்தது. அந்தப் பிரிவால் யாருக்கு ஆதாயம், யார் அதை விரும்பினார்கள், பின்னர் யார் எங்கே போனார்கள் என்பவை உறுதி. உள்ளத்தில் இருந்த நோக்கம் உறுதியன்று.

பதவியிலிருந்து தொழிலுக்கும் தொழிலிலிருந்து பதவிக்கும் போய்வரும் இந்தப் பழக்கத்தின் விலையை ஓர் ஆய்வு நேரடியாகவே அளந்தது. செனட் உறுப்பினர் ஒருவரிடம் முன்பு வேலை பார்த்துவிட்டு லாபியராக மாறியவர்களின் வருமானம், அந்த உறுப்பினர் பதவியிலிருந்து நீங்கியதும் சராசரியாக 24 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய அறிவும் அனுபவமும் அந்த ஒரே நாளில் குறைந்திருக்க முடியாது, குறைந்தது தொடர்புதான். வாடிக்கையாளர்கள் நிபுணத்துவத்துக்கு மட்டுமே பணம் தருகிறார்கள் என்று லாபித் துறையினர் சொல்வது பாதி உண்மை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இன்னொரு வகைச் செல்வாக்கு இதைவிடக் கண்ணுக்குத் தெரியாதது: எது நடக்காமல் போகிறது என்பது. அமெரிக்காவில் 98 பிரச்சினைகளைத் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வு, ஒரு தரப்பு வெல்வதற்கும் அதன் பணவசதிக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது என்று கண்டது. நிறுவனங்களுக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் இதை விரும்பி மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அந்த ஆய்வாளர்கள் கூடவே சொன்ன விளக்கத்தை விட்டுவிடுவார்கள்: பெரும்பாலான பிரச்சினைகளில் எதுவுமே மாறவில்லை, இருக்கிற நிலையே நீடித்தது, இருக்கிற நிலையோ முந்தைய சுற்றுகளில் வலிமையானவர்கள் வென்றெடுத்தது. முதலீட்டு நிதி மேலாளர்கள் தங்கள் இலாபப் பங்கைச் சம்பளமாகக் காட்டாமல் மூலதன ஆதாயமாகக் காட்டிக் குறைந்த வரி கட்டும் வழியை மூட 2007இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது. இரு கட்சிகளின் அதிபர் வேட்பாளர்களும் அதை மூடுவதாக வாக்குறுதி தந்திருக்கிறார்கள். 2017இல் செய்யப்பட்டது, ஓராண்டுக் காத்திருப்பை மூன்றாண்டாக்கியது; 2022இல் அதை மேலும் இறுக்கும் பிரிவு கடைசி நேரத்தில் மசோதாவிலிருந்து எடுக்கப்பட்டது. தடுப்பவருக்கு ஓர் இடத்தில் வென்றால் போதும். மாற்ற விரும்புபவர் எல்லா இடத்திலும் வெல்ல வேண்டும். தடுப்பதற்குச் செலவிடப்படும் பணம் எந்த அரசாணையிலும் தடயம் விடுவதில்லை, ஆணையே இல்லையே.

ஐயத்துக்குரியவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் இந்த விஷயத்தில் அதிகம் சுற்றுபவை அவைதாம். 2014இல் அமெரிக்க அரசியல் அறிஞர்களான கிலென்ஸ், பேஜ் இருவரும் 1981 முதல் 2002 வரையிலான 1,779 கொள்கைப் பிரச்சினைகளை ஆராய்ந்து, செல்வந்தர்களின் விருப்பமும் வணிக அமைப்புகளின் விருப்பமும் அரசின் முடிவை நகர்த்துகின்றன, நடுத்தர மக்களின் விருப்பம் தனித்து ஏறக்குறைய எதையும் நகர்த்துவதில்லை என்றார்கள். ‘அமெரிக்கா செல்வர்களின் ஆட்சி என்று நிரூபணமானது’ என்று அது பரவியது. பின்னர் வந்த விமர்சனம் கடுமையானது: அந்தப் பிரச்சினைகளில் பத்தில் ஒன்பது அளவுக்குச் செல்வந்தர்களும் நடுத்தர மக்களும் ஒரே கருத்தையே கொண்டிருந்தார்கள்; முரண்பட்ட சொற்பமானவற்றிலும் நடுத்தர மக்கள் விரும்பியது கிட்டத்தட்டப் பாதி முறை நடந்தது. இரு தரப்பும் தகுதியுள்ளவர்கள். இது முடியாத விவாதம். இதேபோல, 2004இல் வெளிநாட்டு இலாபத்தை 35 சதவீதத்துக்குப் பதில் 5.25 சதவீத வரியில் கொண்டுவர நிறுவனங்களுக்கு அனுமதி தந்த சட்டத்தைப் பற்றி, லாபிக்குச் செலவிட்ட ஒரு டாலருக்கு 220 டாலர் திரும்பியது என்ற கணக்கு ஒன்று உண்டு. கணக்கில் பிழையில்லை. ஆனால் அவர்கள் செலவிடாமலிருந்தால் சட்டம் வந்திருக்காது என்று எடுத்துக்கொண்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். வென்ற ஒரு சீட்டின் பரிசை மட்டும் பார்த்து லாட்டரியை இலாபகரமான முதலீடு என்று சொல்வதைப் போன்றது அது. தோற்ற லாபிச் செலவுகள் அந்தக் கணக்கில் வரவில்லை.

இந்தியாவின் தேர்தல் பத்திரங்கள் கேட்டவரின் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகின்றன. 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியாக வந்து, 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தில், பாரத ஸ்டேட் வங்கியில் ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரையிலான பத்திரங்களை வாங்கிப் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குக் கொடுக்க முடிந்தது. மொத்தத்தில் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் விற்றது. அத்துடன், மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் ஒரு நிறுவனம் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்றிருந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டது. நட்டத்தில் ஓடும் நிறுவனமும் கொடுக்கலாம் என்றாயிற்று. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக இவற்றை ரத்து செய்தது. வாக்காளரின் அறியும் உரிமை அதன் மையக் காரணம். பிரதிபலனை எதிர்பார்க்கும் வாய்ப்பு நிறுவன நன்கொடைகளில் தனியாருடையதைவிட அதிகம் என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது. மார்ச்சில் பட்டியல்கள் வெளியானதும் நாடு முழுவதும் செய்தியாளர்கள் செய்தது கேட்டவர் செய்ததையேதான்: பத்திரம் வாங்கிய தேதி, சோதனை நடந்த தேதி, ஒப்பந்தம் கிடைத்த தேதி ஆகியவற்றை அடுக்கினார்கள். வலுவான கேள்விகளை எழுப்பும் இணைகள் பல கிடைத்தன. ஆனால் சிறப்புப் புலனாய்வுக் குழு கேட்டுப் போடப்பட்ட மனுக்களை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அனுமானத்தின் பேரில் பொதுவான துழாவல் விசாரணைக்கு உத்தரவிட முடியாது, குறிப்பிட்ட புகார் உள்ளவர் சட்டத்தின் வழக்கமான வழிகளை நாடலாம் என்றது. ஒரு குடிமகனாக எனக்கு அந்த முடிவில் ஏமாற்றமே. சான்றுகளை எடைபோடுபவனாக அதன் தர்க்கத்தை என்னால் மறுக்க முடியவில்லை.

ஏன் மறுக்க முடியவில்லை என்றால், பெரிய நன்கொடையாளர் ஆண்டுக்குப் பலமுறை, பல கட்சிகளுக்குக் கொடுக்கிறார். அரசோ நாள்தோறும் ஆணைகளை வெளியிடுகிறது. இரண்டு நீண்ட பட்டியல்களை அருகில் வைத்தால் சில தேதிகள் ஒட்டத்தான் செய்யும். ஆகவே தேதிப் பொருத்தத்தைத் தேடலின் தொடக்கமாக வைத்துக்கொண்டு, மேலும் சிலவற்றைக் கேட்க வேண்டும். அதே துறையில் நன்கொடை கொடுக்காத போட்டி நிறுவனத்துக்கும் அந்த ஆணை அதே ஆதாயத்தைத் தருகிறதா? தருகிறதென்றால் சந்தேகம் பெரிதும் குறையும். தகுதி நிபந்தனைகள் ஒரே ஒருவருக்குத்தான் பொருந்தும்படி இருக்கின்றனவா? வரைவுக்கும் இறுதி வடிவத்துக்கும் இடையில் எந்த வாக்கியம் மாறியது, அதற்குக் காரணம் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறதா? துறை அதிகாரிகளின் குறிப்பு ஒன்று சொல்ல, மேலிடம் வேறொன்று முடிவு செய்ததா? என் அனுபவத்தில் கடைசிக் கேள்விதான் மிகக் கூர்மையானது. அதிகாரிகள் தங்களைக் காத்துக்கொள்வதற்காகவாவது மாற்றுக் கருத்தைக் கோப்பில் பதிந்து வைப்பார்கள்.

இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைப்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அயர்லாந்தில் 2015 முதல், லாபி செய்பவர்கள் ஆண்டுக்கு மூன்று முறை யாரை எதற்காக அணுகினோம் என்று பொதுப் பதிவேட்டில் எழுத வேண்டும். சிலியின் 2014ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பொறுப்பை எதிர்ப்பக்கத்தில் வைக்கிறது: உயர் அதிகாரிகளே தங்கள் சந்திப்புகளையும் பயணங்களையும் பெற்ற பரிசுகளையும் வெளியிட வேண்டும். எனக்குச் சிலியின் முறை பிடிக்கும். வந்தவர் மறைத்தாலும் சந்தித்தவரின் நாட்குறிப்பில் தெரியும். இந்தியாவில் லாபியரைப் பதிவு செய்யும் சட்டமே இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கோப்புக் குறிப்புகளைக் கேட்கலாம் என்பது ஓரளவு ஈடு.

‘அப்படியானால் தேர்தல் எதற்கு’ என்ற பகுதி மீதமிருக்கிறது. பணத்தின் பிடி எல்லா விஷயங்களிலும் ஒரே அளவில் இல்லை. பயன் சிலருக்குக் குவிந்து, செலவு கோடிப் பேர் மீது ஆளுக்குச் சிறிதாகப் பரவும் இடத்தில் அது மிக வலுவானது, ஏனெனில் அந்தச் சிலர் அமைப்பாகத் திரள்வார்கள், கோடிப் பேர் திரள மாட்டார்கள். பொருளாதார அறிஞர் மன்சர் ஓல்சன் 1965இல் விளக்கிய இந்தக் கருத்து இன்றும் அசையவில்லை. மக்கள் அனைவரும் கவனிக்கும் விஷயமாக அது மாறிய பிறகு பிடி தளர்கிறது. மேலே சொன்ன மருந்து விலைப் பிரிவையே எடுத்துக்கொள்ளலாம்: மருந்து விலை தேர்தலுக்குத் தேர்தல் பேசப்படும் பிரச்சினையான பின், அரசு விலை பேசலாம் என்று 2022இல் சட்டம் மாறியது, முதல் பத்து மருந்துகளின் பேசி முடித்த விலை 2026 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு என்று குறிக்கப்பட்டது. மருந்துத் துறை அந்த ஆண்டு லாபிச் செலவைக் குறைத்துவிடவில்லை, இருந்தும் தோற்றது. ஆனால் இடையில் போனது ஏறத்தாழ இருபது ஆண்டுகள். தாமதத்தையே பணம் வாங்கித் தந்தது என்று பார்த்தால் அதுவும் பெரிய வாங்கல்தான்.

ஆகவே கேட்டவர் தம் கையில் வைத்திருக்கும் அந்த ஆணைக்கு முன் ஒரு வரைவு வெளியானதா என்று முதலில் பார்க்கட்டும். வெளியாகியிருந்தால், வரைவையும் இறுதி ஆணையையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, மாறியிருக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்த இடங்களுக்குரிய கருத்துரைகளையும் கோப்புக் குறிப்புகளையும் மட்டும் பிரிவு எண்ணோடு கேட்டு விண்ணப்பிக்கலாம். முழுக் கோப்பையும் கேட்டால் மறுக்க ஏதேனும் காரணம் கண்டுபிடிப்பார்கள். வரைவே வெளியிடாமல் நேரடியாக ஆணை வந்திருந்தால், ஏன் வெளியிடவில்லை என்பதையே முதல் கேள்வியாக வைப்பது நல்லது.